பிறந்தநாள் கொண்டாட்டத்தில் குளூட்டன் இல்லாத சாப்பாடு

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்போர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் ஐயா, செயலாளர் அவர்களே, பெரியவர்களே, பின்வரிசையில் பிஸ்கட் பாக்கெட்டோடு உட்கார்ந்திருக்கும் குழந்தைகளே! குடிநீர், தெருவிளக்கு, மழைநீர் வடிகால் எல்லாம் பேசி முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பதினைந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறேன்.

நம் நகரில் மாதத்துக்கு இரண்டு மூன்று பிறந்தநாளாவது வருகிறது. தெருக் குழந்தைகள் எல்லாரையும் கூப்பிடுகிறோம். அதில் ஒரு குழந்தைக்குக் கோதுமை ஆகாது என்றால் என்ன செய்வது? என் மகளுக்கு எட்டு வயது, சீலியாக் நோய் இருக்கிறது. அவளைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று சில வீடுகளில் தயங்கியது எனக்குத் தெரியும். வெறுப்பினால் அல்ல, பயத்தினால்தான். "கூப்பிட்டு, ஏதாவது ஆகிவிட்டால்?" என்ற பயம். அதைப் போக்கத்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள ஒரு வகைப் புரதத்துக்குக் குளூட்டன் என்று பெயர். சப்பாத்தி மாவு இழுத்தால் நீள்கிறதே, பரோட்டா மாஸ்டர் வீசும்போது கிழியாமல் விரிகிறதே, அதற்குக் காரணம் இதுதான். சீலியாக் உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டால், உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தி அவர்களுடைய சிறுகுடலையே தாக்குகிறது. குடலின் உள்சுவரில் சத்தை உறிஞ்சுகிற மெல்லிய விரல் போன்ற அமைப்புகள் மழுங்கிப் போகின்றன. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. வயிறு உப்பும், பேதி போகும், உயரம் கூடாது, இரும்புச்சத்து மருந்து மாதக்கணக்கில் கொடுத்தும் ரத்தசோகை தீராது. சில குழந்தைகளுக்கு வெளியே எதுவுமே தெரியாது, உள்ளே மட்டும் சேதம் நடக்கும். இதைக் குணமாக்க மருந்து கிடையாது. குளூட்டனை வாழ்நாள் முழுக்க விலக்குவது ஒன்றே வழி. விலக்கினால் குடல் தேறிவிடும், குழந்தை மற்றவர்களைப் போலவே வளரும்.

கோதுமை ஒவ்வாமை என்பது வேறு. அதில் சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே தடிப்பு, மூச்சுத்திணறல் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தைக்கு இருப்பது எது என்று அதன் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நோய்க்குக் காரணம் கோதுமை என்று கண்டுபிடித்த கதையும் கேட்கத்தக்கது. 1924-ல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்ற மருத்துவர் இந்தக் குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை மையமாக வைத்து உணவுத் திட்டம் கொடுத்தார். குழந்தைகள் தேறின. வாழைப்பழத்தில் ஏதோ மகிமை என்று நினைத்தார்கள். உண்மையில் ரொட்டியை நிறுத்தியதுதான் வேலை செய்தது. அது நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவரால் தெளிவானது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45-ல், அங்கே கடும் பஞ்சம். ரொட்டியே கிடைக்காத அந்தக் காலத்தில் அவருடைய சீலியாக் குழந்தைகள் நன்றாக இருந்தார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் நோயும் திரும்பியது. 1950-ல் இதை ஆய்வேடாக எழுதினார்.

"இது வடக்கத்தியருக்கு வருகிற நோயாச்சே" என்று சிலர் கேட்கிறீர்கள். அதில் பாதி உண்மை உண்டு. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கு இருந்தது, தெற்கே 0.10 பேருக்குத்தான். ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, மூன்றில் ஒருவருக்கும் சற்று அதிகமாக. வித்தியாசம் தட்டில்தான் இருந்தது. வடக்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். இப்போது நம் வீடுகளில் ராத்திரிக்குச் சப்பாத்தி, டிபன் பாக்ஸில் நூடுல்ஸ், ஞாயிற்றுக்கிழமை பரோட்டா. இன்னும் 25 கிராம்தானா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அதோடு, நாம் இருக்கும் இடத்தையும் பாருங்கள். ஆவடியில் டேங்க் ஃபேக்டரி, விமானப்படை, சி.ஆர்.பி.எஃப். என்று பணிக்காக வடக்கிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வருகின்றன. அந்தக் குழந்தைகளும் நம் குழந்தைகளோடுதான் படிக்கிறார்கள், விளையாடுகிறார்கள். என் மகள் பச்சைத் தமிழச்சி, அது வேறு விஷயம்.

சரி, சமையலுக்கு வருவோம். நல்ல செய்தி என்னவென்றால், நம் சமையலறை ஏற்கெனவே முக்கால்வாசி குளூட்டன் இல்லாததுதான். இட்லி, தோசை, இடியாப்பம், குழிப்பணியாரம், உளுந்து வடை, சுண்டல், அவல், பொரி, கடலை மிட்டாய், எள்ளுருண்டை, அதிரசம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். பீட்சா, பர்கர் பழக்கமுள்ள ஊரில் இருக்கும் அம்மாக்கள் இதைக் கேட்டால் பொறாமைப்படுவார்கள்.

பிறகு எங்கே மாட்டிக்கொள்கிறோம்? பெருங்காயத்தில்! கடையில் நாம் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். சுத்தப் பெருங்காயப் பிசின் ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் பக்கமிருந்து வருகிறது. அது அப்படியே போட முடியாத அளவுக்குக் காட்டமானது. அதனால் கோந்தும் மாவும் சேர்த்துக் கட்டியாகவோ தூளாகவோ விற்கிறார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமை அல்லது மைதா. சாம்பார், ரசம், சுண்டல் தாளிப்பு, முறுக்கு, தட்டை, இட்லிப் பொடி என்று எல்லாவற்றிலும் அது போகிறது. ஒரு விசேஷத்தில் நான் சமையல் மாஸ்டரிடம் கேட்டபோது, "எல்லாம் அரிசியும் பருப்பும்தாம்மா, தைரியமா கொடுங்க" என்றார். பொய் சொல்லவில்லை, அவருக்குப் பெருங்காயம் ஒரு மாவுப் பொருளாகவே தோன்றவில்லை. டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் அன்றைக்குப் பெருங்காயமே வேண்டாம், இஞ்சியும் பூண்டும் போதும்.

அடுத்தது மாவு மில். கேழ்வரகில், கம்பில், சோளத்தில் குளூட்டன் இல்லை. ஆனால் முன்னால் வந்தவர் பத்து கிலோ கோதுமை அரைத்துப் போன அதே மெஷினில் நம் கேழ்வரகைப் போட்டால்? அரிசி மாவையும் கேழ்வரகு மாவையும் நான் வீட்டு மிக்ஸியில்தான் அரைத்துச் சலிக்கிறேன். ராகி பிஸ்கட், மில்லட் நூடுல்ஸ், மல்டிகிரெய்ன் என்று அட்டையில் பெரிதாக எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். பலவற்றில் மைதாவோ கோதுமையோதான் முக்கியப் பொருள், ராகி பேருக்கு இருக்கும். பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டுமே சொல்கிறது. குளூட்டன் இல்லை என்று அட்டையில் போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு உணவுத் தர ஆணையத்தின் விதி.

பெயரில் தெரியாத மற்றவை: ரவை, சேமியா இரண்டும் கோதுமைதான். ரவா இட்லியில் இட்லி என்ற பெயர் இருப்பதால் ஏமாற வேண்டாம். சோயா சாஸ் பொதுவாகக் கோதுமை சேர்த்து நொதிக்க வைப்பது. கோபி மஞ்சூரியனில் மைதா. கட்லெட்டில் ரொட்டித்தூள். பாலில் கலக்கும் மால்ட் பானங்களில் பார்லி. ஐஸ்கிரீம் கப்பில் என்றால் அட்டையைப் படித்துக் கொடுக்கலாம், கோன் கூடாது. இனிப்பில் ஜாங்கிரி உளுந்து, ஜிலேபி மைதா. நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து முடிவு செய்தால் வம்புதான். மைசூர்பாகு கடலை மாவு, பாதுஷா மைதா.

"ஒரு துளி பட்டால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து உள்ளே போனாலே குடலில் சேதம் வருகிறது என்று பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு துண்டு ரொட்டியில் ஏறத்தாழ இரண்டு கிராம் இருக்கிறது. அதாவது அந்தத் துண்டை நாற்பதாகக் கிள்ளினால் ஒரு கிள்ளு. பூரி பொரித்த எண்ணெயில் வடை போடுவது, பரோட்டா போட்ட கல்லில் தோசை வார்ப்பது, மைதா சலித்த சல்லடையில் அரிசி மாவைச் சலிப்பது எல்லாமே இந்தக் கிள்ளுதான். சல்லடையையும் மரக்கரண்டியையும் எவ்வளவு கழுவினாலும் முழுசாகப் போகாது, தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். எவர்சில்வர் பாத்திரத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும், புதிது வாங்க வேண்டியதில்லை.

என் அபிப்பிராயம், அந்தக் குழந்தைக்கு மட்டும் தனித் தட்டு போடாதீர்கள். அன்றைய இரண்டு மணி நேரச் சாப்பாடு முழுவதையும் எல்லாருக்கும் குளூட்டன் இல்லாததாகவே செய்துவிடுங்கள். செலவு குறையத்தான் செய்யும். மினி இட்லியும் தேங்காய்ச் சட்னியும், இனிப்புக் குழிப்பணியாரம், எலுமிச்சை சேவை, புது எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு சிப்ஸ், பாப்கார்ன், ஜவ்வரிசிப் பாயசம், ரோஸ் மில்க். இதில் எந்தக் குழந்தையாவது "மைதா எங்கே?" என்று கேட்குமா? தனித் தட்டு போட்டால், பாவப்பட்டு யாராவது ஒரு பாட்டி ஒரு வாய் ஊட்டிவிடுவார். அன்பைத் தடுக்க நம்மால் முடியாது, தட்டை மாற்ற முடியும்.

கேக்தான் கொஞ்சம் வேலை. பேக்கரியில் முட்டை இல்லாத கேக் கிடைக்கும். மைதா இல்லாததைக் கேட்டுச் செய்யச் சொன்னாலும், மைதா பறக்கிற அறையில் செய்வது எனக்குத் திருப்தி இல்லை. வீட்டில் செய்வதானால், ஒரு கப் பச்சரிசி மாவுக்குக் கால் கப் கார்ன்ஃப்ளார், மூன்று முட்டை. குளூட்டன் இல்லாததால் பிடிப்பு இருக்காது, முட்டைதான் பிடித்து நிறுத்தும். முட்டை வேண்டாம் என்பவர்கள் மருந்துக்கடையில் கிடைக்கும் இசப்கோல் ஒரு ஸ்பூன் ஊறவைத்துச் சேர்க்கலாம். கலந்த மாவை அரைமணி நேரம் வைத்திருந்து அடுப்பில் வையுங்கள், இல்லாவிட்டால் நறநறக்கும். அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும், மறுநாள் உதிரும். வீட்டுப் பெரியவர்கள் மைதா கேக் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் இரண்டும் இருக்கட்டும். கத்தி வேறு, மேஜை வேறு, முதலில் வெட்டுவது அரிசி கேக். அவ்வளவுதான்.

இனி பேச்சுவார்த்தை. விழாவுக்கு ஒரு வாரம் முன்பே குழந்தையின் அம்மாவுக்குப் போன் செய்து, "அக்கா, இதெல்லாம் செய்யறோம், எது சரிப்படும்?" என்று கேளுங்கள். தெரு வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள். பிள்ளையின் உடம்பு ஊர்ப் பேச்சாக வேண்டாம். பெருங்காய டப்பா, சாஸ் பாட்டில் லேபிளைப் படமெடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. அந்த அம்மா "நான் டப்பாவில் கொடுத்து அனுப்புகிறேன்" என்று சொன்னால் மனசு சங்கடப்பட வேண்டாம். நம் வீட்டுச் சாப்பாட்டை மறுப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதேபோல், "நேற்று வயிறு சரியில்லாமல் போச்சு" என்று சொன்னால், குற்றம் சாட்டுகிறார் என்று நினைக்காதீர்கள். எதில் இருந்தது என்று தேடத்தான் கேட்கிறோம்.

ரிட்டர்ன் கிஃப்டில் வேஃபர் சாக்லேட்டும் பிஸ்கட்டும் வேண்டாம், கலர் பென்சில் போதும். கையில் பிசைந்து விளையாடும் கலர் மாவிலும் சிலவற்றில் கோதுமை உண்டு, குழந்தைகள் கை கழுவாமல் வாயில் வைப்பார்கள்.

கடைசியாக, இதைக் கேட்டு யாருக்காவது "நம் பிள்ளைக்கும் இப்படித்தானே" என்று தோன்றினால், இன்றிலிருந்தே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ரத்தப் பரிசோதனையில் சரியாகத் தெரியும். முதலில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள், பரிசோதனை முடியட்டும், பிறகு நிறுத்தலாம். கேள்வி இருந்தால் கேளுங்கள். தேநீரோடு இன்றைக்கு வந்திருப்பது அரிசி முறுக்கு, வீட்டில் செய்தது, பெருங்காயம் போடவில்லை.