நூறா, நாற்பதா?

பழைய குண்டு பல்பு இரண்டு. ஒன்று 100 வாட், மற்றது 40 வாட். இரண்டையும் தொடர் இணைப்பில் கோத்து 230 வோல்ட் கொடுத்தால் எது பளிச்சென்று எரியும்?

நூறு என்றுதான் சட்டென்று வாயில் வரும். நன்றாக எரிவது நாற்பதுதான்!

வோல்ட்டின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். நூறுக்கு 529 ஓம், நாற்பதுக்குச் சுமார் 1,322 ஓம். தொடரில் தடைகளைக் கூட்டவேண்டும்: 1,851. 230-ஐ இதால் வகுத்தால் 0.124 ஆம்பியர். இந்த மின்னோட்டம் இரண்டுக்கும் பொது. வோல்ட்தான் பங்கு பிரியும். தடை கூடியவருக்கே பெரிய பங்கு. நாற்பதுக்கு 164 வோல்ட், நூறுக்கு வெறும் 66. எரியும் அளவோ 20 வாட், 8 வாட். இழையின் சூடு குறைந்தால் தடையும் குறையும் என்பதால், நூறின் பாடு நிஜத்தில் இன்னும் திண்டாட்டம்.

வீட்டு வயரிங் பக்க இணைப்பு. அங்கே வோல்ட் பொது, மின்னோட்டம் பிரியும்: நூறுக்கு 0.435, நாற்பதுக்கு 0.174. மெயினில் மொத்தம் 0.609 ஆம்பியர். அங்கே நூறுதான் ராஜா.

பிள்ளைகளோடு இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். பிளக்கில் மட்டும் வேண்டாம்!