அவசர வேளையில் குடும்ப மருத்துவர்: அவர் கடமையும் நம் கடமையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

திடீரென ஒருவர் நோயுற்று வீழ்ந்தால் நம் நினைவுக்கு முதலில் வருவது பெரிய மருத்துவமனை. அதில் தவறில்லை. ஆயினும், நம் ராயகிரியில் வாழும் நமக்குச் சங்கரன்கோவிலோ, தென்காசியோ, இராஜபாளையமோ வாசலடியில் இல்லை. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இன்னும் தொலைவு. உயிர் ஊசலாடும் முதல் அரைமணி நேரம் நம் வீட்டிலும் வழியிலுமே கழிகின்றது. அந்த அரைமணி நேரத்தில் நமக்குத் துணை நிற்கக் கூடியவர் நம்மை முன்பே அறிந்த குடும்ப மருத்துவர். அவரிடம் எதை எதிர்பார்க்க வேண்டும், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதைப் பற்றியே இன்று நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

சென்னை வியாசர்பாடியில் 'ஐந்து ரூபாய் டாக்டர்' என்று மக்களால் அழைக்கப்பட்ட மருத்துவர் திருவேங்கடம் வீரராகவன் அவர்கள் 2020 ஆகஸ்டில் மறைந்தபோது அப்பகுதி மக்கள் தம் வீட்டில் ஒருவரை இழந்தது போல் கண்ணீர் விட்டனர். குறைந்த கட்டணம் மட்டுமே அதற்குக் காரணமன்று. இன்னார் வீட்டில் இன்னாருக்கு என்ன நோய் என்று அறிந்த ஒருவர் தெருவில் இருக்கிறார் என்னும் தைரியத்தையே அம்மக்கள் இழந்தனர். அவசர வேளையில் அந்த அறிமுகமே பாதி மருந்து.

அவசர நோயில் குடும்ப மருத்துவரின் பணி மூன்று. நோயை இனங்காணுதல், முதல் சிகிச்சை அளித்தல், உரிய இடத்திற்குக் காலத்தே அனுப்புதல்.

மாரடைப்பை எடுத்துக் கொள்வோம். நெஞ்சில் பாரம், இடக்கையில் வலி, வியர்வை என்று வருபவரை 'வாயுத் தொல்லை' என்று நாமே முடிவு கட்டிச் சோடா வாங்கிக் கொடுக்கிறோம். நீரிழிவு உள்ளவருக்கு வலியே தெரியாமல், மூச்சிரைப்பும் களைப்பும் மட்டும் தோன்றுவதும் உண்டு. இவர் நீரிழிவு நோயாளி, இவருடைய தந்தைக்கும் மாரடைப்பு வந்தது என்று அறிந்த மருத்துவர் அத்தகையவரைச் சாதாரணமாக எண்ணி அனுப்பிவிட மாட்டார். இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பார், முதல் மாத்திரைகளைக் கொடுப்பார். தமிழக அரசு 2023ஆம் ஆண்டு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டமும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8 என 14 மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப அத்திட்டம் வழி செய்கிறது. இவை மருத்துவப் பணியாளர் பார்த்துக் கொடுக்க வேண்டியவை. நாமாக விழுங்க வேண்டியவை அல்ல.

சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய மருத்துவமனைகளோடு இணைத்து நம் தமிழ்நாட்டிலேயே ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர் குழுவினர் 2017இல் வெளியிட்ட அவ்வாய்வில் 2,420 நோயாளிகள் இடம் பெற்றனர். இணைப்பு ஏற்படுமுன் ஓராண்டுக்குள் இறந்தோர் 17.6 விழுக்காடு, ஏற்பட்ட பின் 14.2 விழுக்காடு. அதாவது நூற்றுக்கு மூன்று குடும்பங்கள் தம் தலைவரை இழக்காமல் காக்கப்பட்டன. முதலில் பார்ப்பவரும் முடிவில் பார்ப்பவரும் கைகோத்ததன் பலன் இது.

அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் விவசாயம் செய்யும் நமக்குப் பாம்புக்கடி அந்நியமன்று. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குபவரைத் தீண்டும். வலியோ வீக்கமோ தெரியாது. விடியும் வேளையில் வயிற்றுவலி, வாந்தி, இமை தாமாக மூடிக்கொள்ளுதல் தோன்றும். அதை அஜீரணம் என்று எண்ணாமல், 'இரவு எங்கே படுத்திருந்தீர்கள்?' என்று கேட்கும் மருத்துவர் ஓர் உயிரைக் காப்பாற்றி விடுகிறார். விரியன் கடியாயின், சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை உண்டு. ஆனால் அதற்காக வண்டி காத்திருக்கலாகாது. விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டுப் போடுதல், கீறுதல், பார்வை பார்த்தல் ஆகியவற்றில் கழியும் நேரமே உயிரைப் பறிக்கிறது.

இனிப் பக்கவாதம். வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும், அதற்குச் சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனை வேண்டும். அதே சமயம், சர்க்கரை மிகத் தாழ்ந்தாலும் மனிதர் இவ்வாறே தடுமாறுவார். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து இரண்டையும் ஒரு நிமிடத்தில் பிரித்தறியலாம். நீரிழிவுக்கு மருந்து உண்போர் ரமலானுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றிக் கேட்டுக்கொண்டால் இந்த அபாயம் பெரிதும் குறையும். அவசரம் வருமுன் தடுப்பதும் குடும்ப மருத்துவரின் பணியே.

இனி நம் பக்கத்தைப் பார்ப்போம். 'ஒரு ஊசி போட்டு விடுங்கள் டாக்டர், காலையில் பார்த்துக் கொள்வோம்' என்று நாம் வற்புறுத்துகிறோம். 'உடனே கொண்டு செல்லுங்கள்' என்று அவர் சொன்னால், 'இவருக்கு வைத்தியம் தெரியவில்லை' என்கிறோம். அன்பர்களே, அனுப்பத் தெரிந்தவரே நல்ல மருத்துவர். தம்மால் இயலாததை ஒப்புக்கொள்ளும் அவரை ஏளனம் செய்தால், நாளை அவரும் அஞ்சித் தாமதிப்பார். அந்தத் தாமதத்திற்கு விலை கொடுப்பவர் நம் வீட்டார்.

மருத்துவருக்கும் பொறுப்புண்டு. பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும், காவல்துறை நடைமுறைகளுக்காகக் காத்திராமல் உயிர் காக்கும் சிகிச்சை அளிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. விபத்தில் அடிபட்டவரை 'கேஸ் ஆகுமே' என்று ஒருவரும் கைவிடத் தேவையில்லை.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை சில. நோயில்லாத நாளிலேயே ஒரு மருத்துவரைத் தேர்ந்து, குடும்பம் முழுவதும் அவரிடமே செல்வோம். ஒவ்வொருவருக்கும் ஒரு தாளில் வயது, இரத்த வகை, இருக்கும் நோய்கள், உண்ணும் மருந்துகள், ஒவ்வாத மருந்து ஆகியவற்றை எழுதி நிலைக்கதவுக்குப் பின்னால் ஒட்டி வைப்போம். அவசரத்தில் முதலில் 108ஐ அழைப்போம். தமிழகத்தில் 2008 முதல் இச்சேவை இலவசமாக இயங்குகிறது. வண்டி வரும்வரை குடும்ப மருத்துவரிடம் தொலைபேசியில் யோசனை கேட்போம். நெஞ்சுவலிக்காரரை நடக்க வைத்து மருத்துவரின் வாசலில் டோக்கன் போட்டு உட்கார வைக்க வேண்டாம். நோய் தொடங்கிய மணியைக் குறித்துக் கொடுப்போம். மருத்துவர் எழுதித் தரும் கடிதத்தைத் தவறாமல் கொண்டு செல்வோம். நம் இளைஞர்கள் நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் பயிற்சியைக் கற்றுக்கொள்ள ஜமாஅத் ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம்.

நிறைவாக ஒன்று. நம் பிள்ளைகள் மருத்துவம் படிக்கையில் இதயம், மூளை என்று சிறப்புப் பட்டங்களை மட்டுமே உயர்வாகப் பேசுகிறோம். குடும்ப மருத்துவத்திற்கும் பட்ட மேற்படிப்பு உண்டு. 'படித்துவிட்டு நம் ஊரில் வந்து உட்கார்' என்று அவர்களிடம் சொல்லும் மனம் நமக்கு வர வேண்டும். கூப்பிடு தூரத்தில் ஒரு மருத்துவர் இருப்பது ஓர் ஊருக்குக் கிடைத்த பெரும் பேறு. அதைப் போற்றிக் காப்போம், இன்ஷா அல்லாஹ்.