மீன் உரைக்கும் சான்று



‘மீன் உயிரோடு நீந்துகிறதே, தண்ணீருக்கு என்ன குறை?’ என்று கேட்போரை நாம் கண்டிருக்கிறோம். இக்கேள்விக்கு அறிவியல் கூறும் விடையைக் காண்போம்.

மூச்சுவிடும் உயிர்களின் உடலில், ஆக்சிஜனிலிருந்து தீங்கு செய்யும் துணைப்பொருள்கள் இடையறாது தோன்றுகின்றன. அவற்றை அடக்கும் காவலர்களாகச் சில நொதிகள் உள்ளன. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்னும் நொதியின் பணியை மெக்கார்டு, பிரிடோவிச் இருவரும் 1969-இல் வெளியிட்டனர். அது சூப்பர் ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. காட்டலேஸ் என்னும் நொதி அப்பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது.

ஆலைக் கழிவிலுள்ள உலோகங்கள் செவுள் வழியாகவும் இரை வழியாகவும் மீனின் உடலை அடைகின்றன. தாமிரம் மிகுந்தால் தீய துணைப்பொருள்கள் பெருகும். காட்மியமும் பாதரசமும் குளூட்டாதயோன் என்னும் காப்புப் பொருளின் கந்தகத்தோடு பிணைந்து காவலைக் குலைக்கும். குரோமியத்தின் நச்சு வடிவம் உயிரணுவினுள் எளிதிற் புகுந்து அங்கே மாற்றமடைகையில் கேடு விளைக்கும்.

தொடக்கத்தில் நொதிகளின் செயல் பெரும்பாலும் உயர்கிறது. அது நலத்தின் அடையாளமன்று, போராட்டத்தின் அடையாளம். நஞ்சு மிகுந்தாலோ நாள் நீண்டாலோ அச்செயல் தளர்ந்து, செவுளிலும் கல்லீரலிலும் உயிரணுச் சவ்வுகள் சிதைகின்றன. அப்போதும் மீன் நீந்திக்கொண்டிருக்கலாம். வெப்பமும் பருவமும் உணவும்கூட நொதிகளை மாற்றும். ஆகவே தூய நீரில் வாழும் அதே இன மீனோடு ஒப்பிட்டே முடிவு காணவேண்டும்.

பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் நீரும் நிலமும் கெட்ட வழக்கில், 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முழு உறுதி கிட்டும்வரை காத்திராமல் கேட்டைத் தடுக்கவேண்டும். தம் செயல் தீங்கற்றது என மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துவோரையே சாரும் என்றது. அத்தோல் தொட்டிகளில் இறங்கி உழைத்தோரில் நம்மவர் பலர். அவ்வூர்க் கிணற்று நீரைக் குடித்தோரும் நம்மவரே.

1927-இல் அண்ணல் அம்பேத்கர் மகாத் குளத்து நீரை அள்ளிப் பருகி நம் உரிமையை நிலைநாட்டினார். அந்நீர் தூயதா என்று ஆய்ந்தறியும் கல்வியை இனி நாம் பெறவேண்டும். மீன் செத்து மிதக்கும் நாள்வரை காத்திருத்தல் அறிவுடைமையாகாது. நம் இளைஞர்கள் ஆய்வுக்கூடங்களில் நுழைந்து, மீன் முன்கூட்டியே உரைக்கும் சான்றைப் படித்து, மன்றங்களில் எடுத்துரைப்பார்களாக!