அப்பாயியின் கால் நகம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



டொக்டர் ஒருவரைப் பேசக் கூப்பிட்டால் இதயம், புற்றுநோய் என்று ஏதாவது பெரிய விஷயமாகப் பேசுவார் என்றுதான் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் கால் நகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைத் தொலைபேசியில் சொன்னபோது சங்கச் செயலாளர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு "கால் நகமா?" என்று இரண்டு முறை கேட்டார்.

திங்கட்கிழமை காலைக் கூட்டம் முடிந்ததும் நமக்கு நகப் பரிசோதனை நடந்தது நினைவிருக்கும். கைகளை நீட்டிக்கொண்டு வரிசையாக நிற்போம். வளர்ந்திருந்தால் அடிமட்டத்தால் ஒன்று விழும். கால்களை யாரும் பார்த்ததில்லை. அவை வெள்ளைச் சப்பாத்துக்குள் பத்திரமாக இருந்தன. நான் டொக்டரான பிறகும் அதையேதான் செய்தேன். சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க வரும் தோட்டத்துப் பெரியவர்களின் இரத்த அறிக்கையைப் பார்ப்பேன், பிரஷர் பார்ப்பேன், மாத்திரை எழுதுவேன். செருப்பைக் கழற்றுங்கள் என்று சொன்னதில்லை. வரிசை வாசல்வரை நிற்கும்போது நேரமில்லை என்பது உண்மைதான். ஆனால் நேரம் இருந்த நாட்களிலும் எனக்கு அது தோன்றவில்லை.

தோன்ற வைத்தவர் என் அப்பாயி. நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். கண்ணில் புரை விழுந்திருந்தது, இடுப்பு வளையாது. ஆனாலும் வழக்கம்போல இஸ்தோப்பில் உட்கார்ந்து பாதி பிளேட்டால் நகத்தை வெட்டியிருக்கிறார். பெருவிரல் ஓரத்தில் சதையும் சேர்ந்து வெட்டுப்பட்டுவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. தீபாவளிக்கு நான் வீட்டுக்குப் போனபோது காமராவுக்குள் நுழைந்ததுமே அந்த வாடையை அறிந்துகொண்டேன். விரல் கறுத்திருந்தது. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதன் பின் பதினொரு மாதம் இருந்தார். ஒருநாள்கூடப் பீலிக்கரைக்கு இறங்கவில்லை. "ஏன் அப்பாயி சொல்லல?" என்று கேட்டதற்கு, "வலிக்கலியே தாயி" என்றார். அவரும் என் கிளினிக்கில் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர்தான்.

வலிக்கவில்லை என்பதுதான் இதில் பயங்கரமான பகுதி. இதை உலகத்துக்குப் புரியவைத்தவர்களில் முக்கியமானவர் நமக்கு அயலாரல்லர். டொக்டர் போல் பிராண்ட், 1914இல் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளின் கைகால்களைக் கவனித்தார். நோயே சதையை அழுகச் செய்கிறது என்றுதான் அதுவரை பலரும் நம்பினார்கள். அவரோ, உணர்ச்சி போனதால் ஆணி குத்தியதும் செருப்பு கடித்ததும் தெரியாமல் அதே காலில் நடந்து நடந்துதான் புண் பெருக்கிறது என்று காட்டினார். 1966இல் அமெரிக்காவுக்குப் போன பிறகு நீரிழிவுக்காரர்களின் கால்களிலும் அதே கதையைக் கண்டார். என் அப்பாயியின் கதையும் அதுதான்.

வயது போகப் போக நகம் தடிக்கும். பூஞ்சணம் பிடித்தால் மஞ்சளாகிப் பொருபொருக்கும். வளைந்து பக்கத்து விரலைக் குத்தும். சிலிப்பருக்குள் இடிக்கும். கால் நோவுள்ளவர் பாதத்தைச் சரியாக ஊன்ற மாட்டார். லயத்துப் படிக்கட்டுகளை நினைத்துப் பாருங்கள், அதுவும் மழை நாளில்! இடுப்பெலும்பு முறிந்து வருபவர்களிடம் விழுந்த கதையைக் கேட்கிறோம், காலைப் பார்ப்பதில்லை.

மேற்படிப்புக்காக ஓராண்டு இங்கிலாந்தில் இருந்தபோதுதான் இதற்கென ஒரு சேவை இருப்பதைக் கண்டேன். அங்கே அரச மருத்துவ சேவையின் பாத சிகிச்சைப் பிரிவுகள் நோயுள்ள கால்களுக்கே முதலிடம் கொடுக்கின்றன. குனிய முடியாத சாதாரணப் பெரியவர்கள் விடுபட்டுப் போகிறார்கள். ஏஜ் யூகே என்ற முதியோர் தொண்டு அமைப்பின் உள்ளூர்க் கிளைகள் பல, சிறு கட்டணத்துக்கு அவர்களுக்கு நகம் வெட்டிவிடுகின்றன. நம் தோட்டங்களில் பாத சிகிச்சையாளர் என்று ஒருவரை நான் கண்டதேயில்லை. 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தார் கொக்கிப்புழு ஒழிக்க இங்கே வந்தபோது நம் மக்களின் வெறுங்கால்களைப் பற்றி நிறையப் பேசினார்களாம். தொழிலாளி சோர்ந்தால் வேலை கெடும் என்ற கவலையும் அதில் இருந்தது. வேலை முடிந்துபோன கால்களைப் பற்றிப் பேச யாருமில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு நம் பழைய மாணவியர் நால்வர் சேர்ந்து, ஒரு தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவில் ஞாயிறு காலையில் தொடங்கினோம். (முதலில் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்திருந்தோம். வெள்ளியும் செவ்வாயும் நகம் வெட்டுவார்களா என்று எங்கள் அம்மாமார் சிரித்தார்கள்.) முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள், மூவரும் ஆண்கள். அடுத்த முறை வந்த ஒரு பாட்டி சேலைக்குள் காலை இழுத்துக்கொண்டார். "ஐயோ டொக்டரம்மா, நீங்க போயி எங் கால புடிக்கிறதா? பாவமில்லையா?" என்றார். அரை மணி நேரம் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பிறகுதான் காலை நீட்டினார். சுண்டுவிரல் நகம் சுருண்டு அடிச்சதைக்குள் இறங்கியிருந்தது. எத்தனை மாதமாக அப்படி நடந்தாரோ.

பாவம் என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் பழைய வரலாறு ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் முடி வெட்ட வரும் நாவிதரே நகமும் எடுத்துவிடுவார் என்று என் தாத்தா சொல்வார். அந்த வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டி, செய்தவரைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தினோம். இப்போது சலூன் வந்துவிட்டது. அங்கே நகம் வெட்டுவதில்லை. நல்ல நாளில் பெரியவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடும் நாமே அந்தக் காலின் நகத்தைத் தொடத் தயங்குகிறோம் என்றால், அழுக்கு மட்டும் காரணமென்று நான் நம்பவில்லை.

செய்யும் முறை எளிது, ஆனால் ஒழுங்கு வேண்டும். முதலில் தொட்டுப் பார்ப்போம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரத்து மருத்துவர்கள் வகுத்த சோதனை இது, காசு செலவில்லை. கண்ணை மூடச் சொல்லி, இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளைச் சுட்டுவிரலால் ஓரிரு விநாடி மெதுவாகத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் அந்தக் காலைத் தொண்டர்கள் வெட்ட மாட்டார்கள். புண், கறுப்பு, குளிர்ந்துபோன பாதம், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் என்றாலும் அப்படியே. அவர்களை நானோ தாதியோ பார்ப்போம், தேவையானால் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குக் கடிதம் கொடுப்போம். மற்றவர்களுக்குக் கழுவி, விரலிடுக்கு ஈரத்தைத் துடைத்து, நகத்தை நேராக வெட்டுவோம். ஓரங்களைத் தோண்டுவதில்லை. ஒவ்வொருவருக்கும் பெயரெழுதிய பையில் தனி நகவெட்டி. ஒருவருடையதை இன்னொருவருக்குப் பாவித்தால் பூஞ்சணம் மட்டுமல்ல, ஈரல் அழற்சிக் கிருமியும் தொற்றலாம். தடித்த நகத்துக்கான குறடுகளை ஒவ்வொரு முறையும் கிருமி நீக்கித்தான் எடுக்கிறோம்.

இது பிள்ளைகள் செய்யவேண்டிய வேலையல்லவா என்று ஓர் அக்கா கேட்டார். மகன் கொழும்பில் கடையில், மகள் மாலைவரை மலையில். யாரைக் குறை சொல்வது? நானே டொக்டராக அடுத்த ஊரில் இருந்தும் என் அப்பாயியின் காலைப் பார்க்கவில்லை.

இன்னும் மூன்று தோட்டங்களில் தொடங்கக் கேட்கிறார்கள். எங்களிடம் இருப்பது நான்கு குறடுகள், ஐந்து சோடிக் கைகள். நம்மில் இளைப்பாறிய தாதிமார் பலர் இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நூலக வாசலில் ஒரு கொப்பி வைத்திருப்பேன். மாதத்தில் ஒரு ஞாயிறு வரக்கூடியவர்கள் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பயிற்சிக்கு இரண்டு காலைப்பொழுது போதும். குனியக் கஷ்டமென்றால் பெயர் பதியவும் தேநீர் கொடுக்கவும் ஆள் வேண்டும். உங்கள் வீட்டிலேயே குனிய முடியாத ஒருவர் இருந்தால் அவர் பெயரைப் பின்பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் சொந்தப் பெயராக இருந்தாலும் பரவாயில்லை.