நிமோனியாவிலிருந்து மீள்வோரைப் பேணுதல்

 

நோயாளி மருத்துவமனையிலிருந்து இல்லம் திரும்பியதுமே நோய் நீங்கிவிட்டதாக நாம் எண்ணிவிடுகிறோம். நிமோனியாவைப் பொறுத்தவரை, குடும்பத்தாரின் பணி அன்றுதான் தொடங்குகிறது. நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளில் நீரும் சீழும் தேங்கி, இரத்தத்தில் ஆக்சிஜன் சேர்வதைத் தடுப்பதே இந்நோய். மருந்து கிருமியை அழித்த பின்னரும், தேங்கியது வெளியேறி நுரையீரல் ஆறுவதற்குக் காலம் பிடிக்கும். பொதுவாகக் காய்ச்சல் 1 வாரத்தில் தணியும். இருமலும் மூச்சிரைப்பும் குறைய 6 வாரங்கள் ஆகலாம். அசதி 3 மாதங்களுக்கு மேலும் நீடிப்பதுண்டு. "இன்னுமா படுத்திருக்கிறீர்கள்?" என வினவும் உறவினர்கள் இக்கணக்கை அறிந்திருப்பது நலம்.

காய்ச்சல் விட்டதும் ஆன்டிபயாடிக் மாத்திரையை நாமாகவே நிறுத்திவிடக் கூடாது. மருத்துவர் எழுதித் தந்த நாட்கள் முழுவதும் கொடுக்க வேண்டும். இருமலை அடக்கும் மருந்தையும் அவரைக் கேளாமல் வாங்கித் தரலாகாது. சளி வெளியேற இருமலே வழி.

நாள் முழுதும் படுக்கையிலேயே கிடத்தி வைப்பது பாசமாகாது. சாய்ந்து அமரச் செய்து, அவ்வப்போது மூச்சை ஆழ இழுத்து விடச் சொல்ல வேண்டும். கூடத்திலேயே சற்று நடக்க வைக்க வேண்டும். மருத்துவமனையில் தந்த மூன்று பந்து மூச்சுப் பயிற்சிக் கருவி பல வீடுகளில் அலமாரியில்தான் உறங்குகிறது!

முதியவர்களுக்குப் படுத்த நிலையில் கஞ்சி புகட்டுவது பெரும் ஆபத்து. ஒரு வாய் மூச்சுக்குழலுக்குள் இறங்கினாலும் நோய் மீண்டும் பற்றிக்கொள்ளக்கூடும். நிமிர்த்தி அமர்த்தி, சிறிது சிறிதாகக் கொடுத்து, உண்டபின் அரைமணி நேரமேனும் அமர்ந்திருக்கச் செய்ய வேண்டும். பல்லும் வாயும் தூய்மையாக இருத்தல் அவசியம். சாம்பிராணி, கொசுவர்த்தி, பீடி ஆகியவற்றின் புகை அவ்வறையை அண்டவே கூடாது.

நலம் விசாரித்தல் நம்மீதுள்ள கடமையே. ஆயினும் சிறு அறையில் பத்துப் பேர் கூடி ஒரு மணி நேரம் உரையாடுவது நோயாளிக்குப் பாரம். சளி, இருமல் உள்ளோர் தொலைபேசியில் விசாரிப்பதே சிறந்தது. சுபுஹுத் தொழுகைக்குப் பள்ளிக்குச் சென்றே தீருவேன் எனப் பிடிவாதம் செய்யும் அத்தாமார்களுக்கு, வீட்டில் அமர்ந்து தொழவும், விடுபட்ட நோன்பைப் பின்னர் நோற்கவும் மார்க்கம் அளித்துள்ள சலுகையைப் பிள்ளைகள் கனிவுடன் நினைவூட்டலாம்.

முதியவர்களுக்கு நோய் முற்றினாலும் காய்ச்சல் தெரியாமல் இருக்கலாம். திடீரெனப் பேச்சுத் தடுமாறுவதும், ஆளை மறப்பதும், ஓயாது உறங்குவதும் அடையாளங்களாகலாம். வயது வந்தவரின் மூச்சு நிமிடத்திற்கு 30ஐ எட்டினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ நள்ளிரவாயினும் 108ஐ அழையுங்கள். 2020, 2021 கொரோனா காலத்தில் நாம் வாங்கிய ஆக்சிமீட்டர் இப்போதும் பயன்படும். அது 92 அல்லது அதற்குக் கீழ் காட்டினாலும் தாமதிக்கலாகாது. கருமருதாணி இட்ட விரலில் அளவு பிசகக்கூடும். வேறு விரலில் பாருங்கள்.

பெரும்பாலும் ஒரே மருமகளோ மகளோதான் இரவு பகலாகக் கண்விழிக்கிறார். அவரும் நோயுற்றால் வீடே நிலைகுலையும். ஆண்மக்கள் இரவுகளை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளட்டும். ஆறாவது வாரத்தில் மருத்துவரிடம் மீண்டும் அழைத்துச் செல்லும்போது, மார்பு எக்ஸ்ரே தேவையா என்றும், நிமோனியா, இன்ஃபுளுவென்சா தடுப்பூசிகளை எப்போது போடலாம் என்றும் கேட்டு வருவதும் அவர்களின் பொறுப்பாகட்டும்.