எங்கள் பிரெஞ்சு மேடம்



மறைந்த நம் பிரெஞ்சு மேடத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். முதலில் ஓர் உண்மையை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். 1986-ல் நான் பகுதி ஒன்றில் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்தது மொழி ஆர்வத்தால் அல்ல. "பிரெஞ்சு எடுத்தா மார்க் கொட்டும்டா" என்று ஒரு சீனியர் சொன்னார். அவ்வளவுதான். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அந்த ரகம்தான்.

மேடம் பாண்டிச்சேரிக்காரர். 1954-ல் அங்கே பிரெஞ்சு ஆட்சி முடிந்தபோது பள்ளிச் சிறுமி. பிரெஞ்சும் தமிழும் அவருக்கு இரண்டு கைகள் மாதிரி.

பிரெஞ்சில் எண்பதுக்கு 'நான்கு இருபது', தொண்ணூறுக்கு 'நான்கு இருபது பத்து' என்று அவர் சொன்னதும் வகுப்பே சிரித்தது. "சிரிங்க, சிரிங்க. தொண்ணூறுல நூறு எங்கேர்ந்து வந்துச்சு? நூறுக்கு இன்னும் பத்து பாக்கி இருக்கே?" என்றார். ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லை. "தொல்காப்பியத்துலயே அதுக்கு விதி இருக்கு. போய்த் தமிழ் சாரைக் கேளுங்க" என்று அனுப்பிவைத்தார்.

இரண்டாம் ஆண்டில் அல்போன்ஸ் தோதே எழுதிய 'கடைசி வகுப்பு' கதையை நடத்தினார். 1870-71 போரில் தோற்ற பிரான்ஸ், அல்சாஸ் பகுதியை ஜெர்மனிக்கு விட்டுக்கொடுத்தது. இனிப் பள்ளியில் ஜெர்மன் மட்டும்தான் என்று உத்தரவு. அதுவரை வகுப்புக்கு மட்டம் போட்ட பையன், கடைசி பிரெஞ்சு வகுப்பில் இலக்கண விதி சொல்லத் தெரியாமல் தலைகுனிந்து நிற்கிறான். நான் எழுந்து கதைச் சுருக்கத்தை ஆங்கிலத்தில் சரளமாகச் சொன்னேன்.

"நல்லாருக்கு. இப்பத் தமிழ்ல சொல்லு."

மூன்று வாக்கியத்துக்கு மேல் எனக்கு வரவில்லை. மேடம் கோபப்படவில்லை. "அந்தப் பையன்கிட்டேர்ந்து மொழியை ராணுவம் பிடுங்குச்சு. உன்கிட்டேர்ந்து யாருப்பா பிடுங்கினாங்க?" என்றார்.

அன்றிலிருந்து வாரம் ஒரு பக்கம் பிரெஞ்சிலிருந்து தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். சிவப்பு மையில் அவர் திருத்தியது பெரும்பாலும் என் தமிழைத்தான். ஒற்றுப்பிழை ஒன்றைக்கூட விடமாட்டார். பாடத்திட்டத்தில் இல்லாத வேலை அது. அதற்கு யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

1990-ல் பம்பாயில் வேலைக்குச் சேர்ந்ததும் அப்பாவுக்குத் தமிழில் நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். அதுவரை "பணம் அனுப்பவும்" என்பதைத் தாண்டி அவருக்கு எழுதியதில்லை. அப்பாவுக்குத் தமிழ் தவிர வேறு மொழி படிக்கத் தெரியாது. 1998-ல் அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். வீட்டுப் பத்திரத்தோடு அந்தக் கடிதமும் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

இதை மேடத்திடம் நேரில் சொல்லவேண்டும் என்று இருபது வருஷத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தேன். பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறினால் சில மணி நேரம்தான். போகவில்லை. சென்ற ஆண்டு மேடம் போய்விட்டார். அதனால்தான் இன்று உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தம்பி தங்கைகளே, மார்க்குக்காகவே பிரெஞ்சு எடுங்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் ஆசிரியர்களிடம் சொல்லவேண்டிய நன்றியை, அவர்கள் கேட்கும்படி இருக்கும்போதே போய்ச் சொல்லிவிடுங்கள்.

மெர்சி, மேடம்.