பத்தொன்பது புள்ளிகளுக்குள் ஒரு மோட்டார் வண்டி



மோட்டார் பந்தயம் என்றவுடன் பல வண்டிகள் ஒன்றையொன்று முந்திப் பாயும் காட்சியே நம் மனக்கண்முன் தோன்றும். கடிகாரத்தை மட்டுமே எதிரியாகக் கொண்டு ஓடும் பந்தயமும் உண்டு. நுவரெலியாவில் 1934ஆம் ஆண்டு தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. அத்தகைய போட்டிகளில் எஞ்சினின் கொள்ளளவைக் கொண்டு வகுப்புப் பிரிப்பதே பெருவழக்கு. அமெரிக்காவிலோ இதே நேர ஓட்டத்துக்குப் புள்ளிக் கணக்கினால் வகுப்புப் பிரிக்கும் முறையொன்று பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. அதைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விரும்புகின்றேன்.

அம்முறையை வகுத்தது 1991இல் நிறுவப்பட்ட நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷன் என்னும் சங்கம். அதன் ஆங்கில முதலெழுத்துகளும் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் முதலெழுத்துகளும் ஒன்றே. சந்திரனுக்கும் இவர்களுக்கும் வேறு தொடர்பொன்றும் இல்லை. வார நாட்களில் அலுவலகத்துக்கும் தொழிற்சாலைக்கும் செல்பவர்கள், வார இறுதியில் தம் சொந்த வண்டியைப் பந்தயப் பாதைக்குக் கொண்டுவருகிறார்கள். பாதையில் ஒரே வேளையில் பல வண்டிகள் ஓடினாலும், ஒவ்வொருவருடைய மிகச் சிறந்த ஒரு சுற்றின் நேரமே கணக்கில் எடுக்கப்படும். பரிசுப் பணத்தை நம்பி வருபவர் எவருமில்லை. செலவு முழுவதும் அவரவர் கைப்பணமே. ஆகையால், எதை வாங்குவது, எதை விடுவது என்பது அவர்களுக்கு வெறும் பொழுதுபோக்குக் கேள்வியன்று.

புள்ளிமுறை இவ்வாறு அமைந்திருந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் ஒவ்வொரு வகை வண்டிக்கும் ஓர் அடிவகுப்பு உண்டு. அந்த வகுப்பில் ஏனையவற்றைவிடச் சற்று விரைவான வண்டிகளுக்கு ஒரு நட்சத்திரமோ இரு நட்சத்திரமோ இடுவார்கள். ஒரு நட்சத்திரம் 7 புள்ளிகள். இரு நட்சத்திரம் 14 புள்ளிகள். அதன்பின் உரிமையாளர் செய்யும் மாற்றங்களுக்குத் தனித்தனியே புள்ளிகள் சேரும். மொத்தம் 19 வரை அதே வகுப்பில் நிற்கலாம். 20ஆவது புள்ளி விழுந்ததும் வண்டி அடுத்த வகுப்புக்கு ஏறிவிடும். ஏற்றம் என்ற சொல் இங்கே நன்மையைக் குறிப்பதன்று. கீழ்வகுப்பின் தலைவனாயிருந்த வண்டி, ஒரேயொரு புள்ளியினால் மேல்வகுப்பின் கடைசி வண்டியாகிவிடும்.

இங்கேதான் சிந்தனைக்கு வேலை வருகிறது. கடையிலே ஒரு பொருளை வாங்கும்போது, அது நல்லதா, விலை தகுமா என்று இரண்டையே பார்க்கிறோம். இங்கே மூன்றாவதாக ஒரு விலை உண்டு. ஒரு புள்ளிக்கு எத்தனை நேரம் குறையும் என்பதே அந்த விலை. மிகச் சிறந்த பொருளென்று பெயர்பெற்ற ஒன்று, இந்தக் கணக்கில் மிக மோசமான வாணிபமாகவும் அமையலாம்.

எஞ்சினின் வலுவைக் கூட்டுவதே இளைஞர் பலருக்கு முதலில் தோன்றும் எண்ணம். பௌதிகம் என்ன சொல்கிறது? நின்ற நிலையிலிருந்து மாறாத வலுவுடன் புறப்படும் வண்டி, குறித்த தூரத்தைக் கடக்க எடுக்கும் நேரம் வலுவின் கனமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. அதாவது வலுவை நூற்றுக்கு 10 வீதம் கூட்டினால் நேரம் ஏறக்குறைய 3 வீதமே குறையும். பந்தயப் பாதையில் வண்டி நின்று புறப்படுவதில்லை. வளைவிலிருந்து ஏற்கெனவே ஓடிக்கொண்டே நேர்ப்பாதைக்கு வருகிறது. வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பும் பெருகுகிறது. ஆதலால் அந்த 3 வீதமும் முழுமையாகக் கிட்டாது.

டயரின் பிடிப்பு வேறு விதமானது. வளைவில் செல்லக்கூடிய வேகம் பிடிப்பின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். பிடிப்பு 10 வீதம் கூடினால் வளைவைக் கடக்கும் நேரம் கிட்டத்தட்ட 5 வீதம் குறையும். பிரேக் இட்டு நிறுத்தும் தூரமும் 9 வீதம் சுருங்கும். அன்றியும், வளைவிலிருந்து கூடிய வேகத்துடன் வெளிவரும் வண்டி, அடுத்த நேர்ப்பாதை முழுவதும் அந்த இலாபத்தைச் சுமந்து செல்கிறது. வளைவு நிறைந்த பாதையில், மென்மையான றப்பரால் செய்த டயருக்குப் புள்ளி அதிகம் கேட்டாலும் கொடுக்கலாம் என்பது இதனாலேயே.

ஆனால் டயரை மட்டும் மாற்றிவிட்டு அமைதி கொள்ள முடியாது. பிடிப்பு கூடினால் வளைவில் வண்டி மேலும் சாயும். சாயும்போது சில்லின் வெளி ஓரமே தரையை அழுத்தும். உட்பாகத்தின் றப்பர் வேலையின்றி இருக்கும். விலைகொடுத்து வாங்கிய பிடிப்பில் ஒரு பங்கு வீணாகும். ஓரங்களும் விரைவில் தேய்ந்துவிடும். ஆகவே டயரோடு இறுக்கமான சுருள்வில்லும், அதிர்வைத் தணிக்கும் கருவிகளும் சேர்ந்தே வரவேண்டும். இவற்றைத் தனித்தனிப் பொருள்களாக அன்றி ஒரு குடும்பமாகவே மதிக்கவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். விதிநூலின் எண்கள் காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டன. ஆதலால் பின்வரும் எண்கள் கணக்கின் போக்கைக் காட்டுவதற்காக நாமே வைத்துக்கொண்டவை. 1989இல் சந்தைக்கு வந்த மஸ்டா மியாற்றா போன்ற, 1000 கிலோகிராமுக்கும் சற்றுக் குறைந்த சிறிய வண்டி ஒன்று ஒரு நட்சத்திரத்துடன் தொடங்குகிறது என்க. 7 புள்ளி போய்விட்டது. மென்மையான டயருக்கு 7, சுருள்வில்லுக்கு 2, அதிர்வுதணிப்பிக்கு 3. மொத்தம் 19. கணக்கு முடிந்தது. இனிக் காற்று உட்செல்லும் குழாயை மாற்றி ஒன்றிரண்டு குதிரை வலு பெற ஆசைப்பட்டால், அந்த ஒரு புள்ளியே அவரை மேல்வகுப்புக்குத் தள்ளிவிடும். அங்கே ஒன்றிரண்டு குதிரை வலுவை யார் பொருட்படுத்துவார்கள்?

பாதையின் தன்மையையும் மறந்துவிடக் கூடாது. கலிபோர்னியாவில் மொஹாவி பாலைநிலத்தின் ஓரத்தில், 1953இல் திறக்கப்பட்ட வில்லோ ஸ்பிரிங்ஸ் என்னும் பாதை உள்ளது. இரண்டரை மைல் நீளத்தில் ஒன்பதே வளைவுகள். அவற்றிலும் சில பெருவேகத்தில் எடுக்கப்படுபவை. அங்கே வலுவுக்கு மதிப்பு அதிகம். அதே வளாகத்தில் நெருக்கமான வளைவுகளைக் கொண்ட இன்னொரு சிறு பாதையும் இருக்கிறது. அதில் பிடிப்புள்ள இலேசான வண்டி, வலுமிக்க வண்டியின் மானத்தை வாங்கிவிடும். தாம் அடிக்கடி ஓடும் பாதை எதுவோ அதற்கேற்பப் புள்ளிகளைச் செலவிடுவதே பொருத்தம். அயல்வீட்டுக்காரரின் பட்டியலைப் பார்த்து எழுதுவதில் பயனில்லை.

புள்ளியே கேளாத மாற்றங்களும் இருந்தன. பிரேக்குக் கட்டைகளும் பிரேக்கு எண்ணெயும் அவ்வகை. உருளைக்கூடு, பந்தய ஆசனம், பட்டி முதலிய பாதுகாப்புச் சாதனங்களையும் விதி தண்டிக்கவில்லை. இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மெச்சுகின்றேன். பாதுகாப்புக்குப் புள்ளி விதித்திருந்தால், உயிரைக் கொடுத்து அரைச் செக்கனை வாங்கத் துணிபவர்கள் சிலராவது இருந்திருப்பார்கள். தொழிற்சாலை கொடுத்த திருகாணிகளைக் கொண்டே சில்லின் கோணங்களைச் சரிசெய்வதும் மலிவான மருந்து. பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள். முதலில் செய்யவேண்டியது இதுவே என்பது என் எண்ணம். இன்னொரு பொருளும் இலவசப் பட்டியலில் உண்டு. அது ஓட்டுநரின் பயிற்சி. எஞ்சினுக்குச் செலவிடும் பணத்தில் எத்தனை நாள் பாதையில் ஓடலாம் என்று கணக்கிட்டால் பலருக்கு வியப்பு உண்டாகும்.

புள்ளிப் படிவத்தை நிரப்பியவர் போட்டியாளரே. ஆகவே முறை முழுவதும் ஒருவகையில் அவருடைய வாய்மையின்மீதே நின்றது. மற்றவர்கள் ஆட்சேபிக்கலாம், அதிகாரிகள் சோதிக்கலாம் என்பது உண்மை. ஆயினும் அதிர்வுதணிப்பியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியுமா? பொருள்கள் பெருகப்பெருக விதிநூலும் பருத்தது. ஒரு பொருளுக்கு மூன்று புள்ளியா, நான்கு புள்ளியா என்ற வழக்கு ஓயவில்லை.

காலப்போக்கில் அச்சங்கம் எழுத்து வகுப்புகளையும் பழைய புள்ளிப் பட்டியலையும் கைவிட்டது. வண்டியின் எடையை அதன் குதிரை வலுவால் வகுத்து, அந்த விகிதத்தைக் கொண்டு வகுப்பைத் தீர்மானிக்கும் முறைக்கு மாறியது. டயர் முதலியவற்றுக்காக அந்த விகிதத்திலேயே சிறு கூட்டல் கழித்தல் செய்வார்கள். எஞ்சினுக்குள் எதை மாற்றினாலும், வலுவை அளக்கும் பொறி உண்மையைச் சொல்லிவிடுகிறது. ஆனால் சிந்தனையின் தேவை ஒழிந்துவிடவில்லை. வலுவைக் குறைத்து எடையையும் குறைப்பதா, இரண்டையும் கூட்டுவதா என்று கேள்வி உருமாறியிருக்கிறது. தராசில் வண்டி ஏறும்போது ஓட்டுநரும் உள்ளே அமர்ந்திருப்பார். அவருடைய எடையும் கணக்கில் சேரும். ஓட்டம் முடிந்து வந்ததும் நிறுப்பார்களானால், ஓடும்போது எரிந்துபோகும் பெற்றோலின் எடையையும் காலையிலேயே கணக்கிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.